எட்டு நிமிடமும் பதினான்கு ஆண்டுகளும்: கிறிஸ் ஸ்டேபிள்டனின் 'டிராவலர்' – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் முதல் தனி ஆல்பமான 'டிராவலர்' 2015 மே 5 அன்று வெளியானது. முதல் வாரத்தில் சுமார் 27,000 பிரதிகள் விற்றன. அமெரிக்க ஆல்பங்களின் வாராந்திரப் பட்டியலான பில்போர்டு 200இல் 14ஆம் இடம் கிடைத்தது. தன் பெயரில் முதன்முறையாக வருபவருக்கு இது மோசமில்லை. ஆனால் கன்ட்ரி வானொலி நிலையங்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆல்பம் மெல்ல மெல்லச் சரிந்து பட்டியலை விட்டே இறங்கிப்போனது. அதே ஆல்பம், ஒரு பாடல்கூடக் கூடாமல் குறையாமல், நவம்பரில் மீண்டும் பட்டியலுக்குள் வந்தது. வந்து அமர்ந்த இடம் முதலிடம். அந்த ஒரு வாரக் கணக்கு 1,77,000 அலகுகள்; தனிப்பாடல் விற்பனையையும் இணையத்தில் கேட்டதையும் ஆல்பக் கணக்காக மாற்றிச் சேர்த்த எண் இது. அதில் 1,53,000 முழு ஆல்பமாகவே விற்றவை.

இரண்டுக்கும் நடுவில் நடந்தது நவம்பர் 4 இரவு ஒளிபரப்பான ஒரு விருது விழா. அதில் ஏறத்தாழ எட்டு நிமிட மேடை நிகழ்ச்சி. எட்டு நிமிடத்தில் ஒருவரின் தலைவிதி மாறியது என்றுதான் இந்தக் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினான்கு ஆண்டுகளாகப் பிறருக்குப் பாட்டெழுதிச் சேர்த்த நன்மதிப்புதான் ஸ்டேபிள்டனை அந்த மேடைக்குக் கொண்டுவந்தது. கேட்க விரும்பும் மக்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். பாட்டு அவர்களிடம் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. இந்த இரண்டையும் கணக்கில் கொள்ளாவிட்டால் 'டிராவலர்' வெறும் அதிர்ஷ்டக் கதையாகிவிடும். அது அந்த ஆல்பத்துக்குச் செய்யும் அநீதி.

பாட்டெழுத வந்தவர்

ஸ்டேபிள்டன் 1978இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், ஜான்சன் மாவட்டத்தின் ஸ்டாஃபோர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த பகுதி அது. அவருடைய தந்தையும் சுரங்கப் பொறியாளர். கன்ட்ரி இசையின் பெரும் பாடகி லொரெட்டா லின் பிறந்ததும் இதே மாவட்டத்தில்தான். ஸ்டேபிள்டன், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 2001இல் மறுபடியும் நாஷ்வில் வந்தபோது நோக்கம் வேறாக இருந்தது. பாட்டெழுதுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதை அறிந்து வந்தார். வந்த சில நாட்களிலேயே ஒரு பாடல் வெளியீட்டு நிறுவனத்தில் ஒப்பந்தமும் ஆனார்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாஷ்வில்லில் பாடலாசிரியர்கள் அலுவலகம் போவதுபோல் நேரம் குறித்துச் சந்திக்கிறார்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று பேர் கிடாருடன் உட்கார்ந்து, ஒரு வேளைக்குள் ஒரு பாட்டை முடிக்கிறார்கள். வெளியீட்டு நிறுவனம் மாதாமாதம் முன்பணம் தரும்; பின்னால் வரும் உரிமைத்தொகையில் அதைக் கழித்துக்கொள்ளும். எழுதிய பாட்டை டெமோவாகப் பாடிப் பதிவு செய்து பாடகர்களிடம் கொண்டுபோவார்கள். ஒரு பாடகர் அதைப் பதிவு செய்துவிட்டால் அதற்குக் 'கட்' என்று பெயர். பெரும்பாலான பாடல்கள் அந்தக் கட்டத்துக்கு வராமலேயே மேசை இழுப்பறைக்குள் தங்கிவிடும்.

ஸ்டேபிள்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பிறர் குரலில் பதிவாயின. ஜாஷ் டர்னருக்கு 'யுவர் மேன்', கென்னி செஸ்னிக்கு 'நெவர் வான்டட் நத்திங் மோர்', ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டுக்கு 'லவ்ஸ் கானா மேக் இட் ஆல்ரைட்', லூக் பிரையனுக்கு 'டிரிங்க் எ பீர்': இவையெல்லாம் மற்ற பாடலாசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதியவை, எல்லாமே கன்ட்ரி வானொலியில் முதலிடத்துக்குப் போனவை. கடைசியாகச் சொன்னதில் பின்னணிக் குரலும் அவருடையதுதான். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கு உரிமைத்தொகை போகும், பாடியவருக்குப் போகாது. ஆகவே, பின்னாளில் எந்த வானொலி அவர் குரலுக்கு இடம் கொடுக்கத் தயங்கியதோ, அதே வானொலியின் பணத்தில்தான் அவர் குடும்பம் நடந்தது. இதை அவர் குறையாகச் சொல்லித் திரிந்ததில்லை. ஆனால் நிகழ்வை ஆராய்கிறவர்கள் இந்த முரணைக் கவனிக்காமல் கடந்துபோகக் கூடாது. அவர் எழுதிய சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது, அவர் குரல் போதுமானதாக இல்லை.

குரல் முழுதும் மறைந்து கிடந்தது என்றும் சொல்ல முடியாது. 'ஸ்டீல்டிரைவர்ஸ்' என்ற புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் போன்ற தந்தி வாத்தியங்களோடு பாடும் கன்ட்ரி வகை) குழுவின் முன்னணிப் பாடகராக இருந்து, 2008இலும் 2010இலும் வந்த அவர்களின் முதல் இரு ஆல்பங்களில் பாடினார். அந்தக் குழுவின் 'இஃப் இட் ஹாடன்ட் பீன் ஃபார் லவ்' பாடலைப் பிரிட்டனின் அடெல் தானும் பாடிப் பதிவு செய்தார். அந்தக் குழுவை விட்டு விலகியபின் ஒரு ராக் குழுவிலும் பாடினார். விஷயம் தெரிந்த வட்டத்தில் அவர் குரலுக்கு மரியாதை இருந்தது. அந்த வட்டம் சிறியது.

கைவிடப்பட்ட முதல் முயற்சி

மெர்குரி நாஷ்வில் நிறுவனத்துடன் தனிப் பாடகராக ஒப்பந்தமாகி, 2013இல் 'வாட் ஆர் யூ லிசனிங் டு?' என்ற தனிப்பாடலை வெளியிட்டார். நல்ல பாட்டு அது. வானொலிப் பட்டியலில் 46ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதைத் தொடர்ந்து வரவேண்டிய ஆல்பம் வெளிவராமலேயே நின்றுபோனது.

அந்த ஆண்டு அக்டோபரில் அவருடைய தந்தை இறந்தார். ஸ்டேபிள்டன் ஒடுங்கிப்போனார். அவர் மனைவி மார்கேன் ஒரு பழைய 1979 மாடல் ஜீப்பை வாங்கினார். இருவரும் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டே நாஷ்வில் திரும்பினார்கள். நியூ மெக்சிகோ பாலைவனத்தில், 40ஆம் எண் நெடுஞ்சாலையில், மார்கேன் உறங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டேபிள்டன் மனத்தில் உருவான பாட்டுதான் 'டிராவலர்'.

மார்கேனை இந்தக் கதையில் துணைப் பாத்திரமாக எழுதிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. அவர் தாமே ஒப்பந்தம் பெற்ற பாடகியாக இருந்தவர். கேரி அண்டர்வுட் பாடிய 'டோன்ட் ஃபர்கெட் டு ரிமெம்பர் மீ' பாடலை எழுதிய மூவரில் ஒருவர். கணவர் எழுதிக் குவித்திருந்தவற்றில் எவை இந்த ஆல்பத்துக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆல்பம் முழுக்கக் கேட்கும் இரண்டாவது குரலும் அவருடையதே. அது கூட்டத்தில் ஒன்றாகக் கலக்கும் குரலாக இல்லை. பல இடங்களில் ஸ்டேபிள்டனின் கரகரப்பைத் தாங்கிப் பிடித்து, பாட்டின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

ஏ ஸ்டுடியோவில்

தயாரிப்பாளராக வந்தவர் டேவ் காப். ஜேசன் இஸ்பெல், ஸ்டர்ஜில் சிம்சன் ஆகியோரின் ஆல்பங்களைச் செய்து அப்போதுதான் பெயர் பெற்றிருந்தார். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் இருந்து, ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்வதுதான் அவருடைய வழி. அன்றைய நாஷ்வில்லில் வழக்கம் வேறு. தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்கள் முதலில் வாசித்துவிட்டுப் போவார்கள். குரல் பின்னால் தனியாக அடுக்கப்படும். பிசிறுகள் கணினியில் நேராக்கப்படும்.

பதிவின் பெரும்பகுதி ஆர்சிஏ ஸ்டுடியோ ஏ-வில் நடந்தது. 1965இல், கிடார் கலைஞர் செட் அட்கின்ஸ் ஆர்சிஏ இசை நிறுவனத்தின் நாஷ்வில் கிளைக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில் திறக்கப்பட்ட பெரிய கூடம் அது. 2014இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்டம் எழுந்தது. இசைக்கலைஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். கடைசியில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆர்வலர் ஒருவர் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். இடிபடவிருந்த கூடத்தில் பதிவான ஆல்பம் இது.

வாசித்தவர்கள் அதிகமில்லை. பேஸ் கிடார் ஜே.டி. கியூர், டிரம்ஸ் டெரெக் மிக்சன். இருவரும் ஸ்டேபிள்டனோடு மேடைகளில் வாசித்து வந்தவர்கள். காப் அக்கூஸ்டிக் கிடார். பெடல் ஸ்டீல் (மிதிகள் கொண்ட, படுக்கவைத்து வாசிக்கும் கிடார்) ராபி டர்னர். ஹார்மோனிகா மிக்கி ரஃபேல், 1970களிலிருந்து கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனோடு வாசிப்பவர். இந்த ஆல்பத்தில் என்னை ஈர்ப்பது, வாசிக்காமல் விட்ட இடங்கள். 'விஸ்கி அண்ட் யூ' பாட்டில் ஒரு குரலும் ஒரு கிடாரும் மட்டுமே இருக்கின்றன. அதே பாடலை 2007இல் டிம் மெக்ரா தம் ஆல்பத்தில் பாடியிருந்தார். முழு வாத்தியக் கோப்போடு, நன்றாகவே. ஸ்டேபிள்டன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டபோதுதான் அந்தப் பாட்டு எவ்வளவு கசப்பானது என்று புலப்பட்டது. புட்டியில் அடைத்த விஸ்கியும் விட்டுப்போன பெண்ணும் ஒன்றுக்கொன்று ஈடாக வரும் அந்தப் பாட்டில், அவர் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுகிறது.

'டாடி டசன்ட் ப்ரே எனிமோர்' இன்னொரு வகை. தந்தை இப்போதெல்லாம் இறைவனை வேண்டுவதில்லை என்று பாட்டு தொடங்குகிறது. நம்பிக்கை இழந்த மனிதர் ஒருவரைப் பற்றிய பாட்டு என்று எண்ணிக் கேட்டுக்கொண்டே போகிறோம். அவர் இறந்துவிட்டார் என்பது பின்னால்தான் தெரிகிறது. இந்த இடத்தில் குரலை உயர்த்தி அழவைக்க எந்தப் பாடகருக்கும் ஆசை வரும். ஸ்டேபிள்டன் குரலை உயர்த்தவில்லை. பாட்டெழுத்தாளராக இருந்த ஆண்டுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்த அடக்கம் இது என்பது என் கருத்து: சொல் தன் வேலையைச் செய்யும் என்று நம்புகிறவர் குரலால் அதை விளக்க முற்படுவதில்லை.

ஒரு பழைய பாட்டு

ஆல்பத்தில் 14 பாடல்கள். அவற்றில் இரண்டைத் தவிர மற்றவை ஸ்டேபிள்டன் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ எழுதியவை. அவர் எழுதாத இரண்டில் ஒன்றுதான் அவரை உலகுக்குக் காட்டியது. பாட்டெழுதியே வாழ்ந்தவருக்கு இது வினோதமான விதி.

'டென்னசி விஸ்கி'யை எழுதியவர்கள் டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும். 1981இல் டேவிட் ஆலன் கோ பாடினார். 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார். குடித்துச் சீரழிந்தவனை மீட்ட பெண்ணின் அன்பை மதுவின் சுவையோடு ஒப்பிடும் பாட்டு. ஜோன்ஸ் பாடிய வடிவம் பெடல் ஸ்டீலோடு மரபான கன்ட்ரி அழகில் அமைந்தது. கன்ட்ரி ரசிகர்களுக்கு அது ஏறத்தாழ முடிந்துபோன விஷயம். ஜோன்ஸ் பாடிய பாட்டை மறுபடி பாடுவது வீண்வேலை என்றே எவரும் நினைப்பார்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு முன் நடந்த ஒலிச் சோதனையில் குழுவினர் மெதுவான ஒரு தாளத்தைச் சும்மா வாசித்துக்கொண்டிருக்க, ஸ்டேபிள்டன் அதன்மேல் இந்தப் பாட்டின் வரிகளைப் பாடிப் பார்த்தார். அங்கே பிறந்த வடிவம்தான் ஆல்பத்தில் இருப்பது. இரண்டே கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள், திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. 1967இல் எட்டா ஜேம்ஸ் பாடிய 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டின் சாயல் கேட்டவுடன் தெரியும். அந்தப் பாட்டின் கார்டுகளும் நடையும் இதுவே. அதாவது கன்ட்ரியின் வரிகளை அவர் கறுப்பின மக்களின் சோல் இசைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

பல்லவியில் 'விஸ்கி' என்ற சொல் வரும் இடத்தைக் கேளுங்கள். உயரத்தில் பிடித்த சுரத்திலிருந்து, இடையில் எதையும் விட்டுவிடாமல், குரல் சுழன்று சுழன்று இறங்குகிறது. நம் ஊர்க் காதுக்கு அது பிருகா என்று உடனே புரியும். அது வித்தைக்காகச் செய்ததாக இல்லை. சொல்லின் பொருளிலிருந்தே வருகிறது. ஜோன்ஸும் சுரங்களை வளைத்துப் பாடுவதில் மன்னர்தான், ஆனால் அவர் வளைவு பல்லைக் கடித்துத் துயரத்தை அடக்குவது. ஸ்டேபிள்டனுடையது திறந்த தொண்டையில் வருவது. இரண்டு கார்டுகள் மட்டுமே இருப்பதால் கேட்பவரின் கவனம் வேறு எங்கும் போக இடமில்லை. குரலோடுதான் இருந்தாக வேண்டும்.

கன்ட்ரிக்கும் சோலுக்கும் நடுவே இந்தப் பாதை புதிதில்லை. 1962லேயே ரே சார்லஸ் கன்ட்ரி பாடல்களைத் தம் பாணியில் பாடி ஒரு முழு ஆல்பம் செய்தார். ஆனால் 2015இன் கன்ட்ரி வானொலியில் அந்தத் தொடர்பு மறந்துபோயிருந்தது. லிண்டா ஹார்க்ரோவ் 2010இலும் ஜார்ஜ் ஜோன்ஸ் 2013இலும் மறைந்தார்கள்; தங்கள் பாட்டு எடுத்த இந்தப் பிறவியை இருவருமே கேட்கவில்லை.

அடைபட்ட வழி

2012 முதல் கன்ட்ரி வானொலியில் ஓங்கியிருந்தது 'ப்ரோ-கன்ட்ரி' என்று விமர்சகர்கள் பெயரிட்ட பாணி. பிக்அப் லாரி, பீர், வார இறுதிக் கொண்டாட்டம், டிரம் இயந்திரத்தின் துடிப்பு, இளம் ஆண் குரல். அமெரிக்கக் கன்ட்ரி வானொலி நிலையங்கள் பல பெரிய சங்கிலி நிறுவனங்களின் கையில் இருப்பவை. ஒலிப்பட்டியலில் இடம் குறைவு. ஒரு தனிப்பாடல் மேலேறப் பல மாதங்கள் ஆகும். கேட்பவர் அலைவரிசையை மாற்றிவிடக் கூடாது என்பதே முதல் விதி. மெதுவான, கரகரத்த, சாவையும் குடியையும் பாடும் முப்பத்தேழு வயதுத் தாடிக்காரர் அந்த விதிக்குள் அடங்கவில்லை.

ஆல்பம் வெளியான அதே மே மாதத்தில்தான் வானொலி ஆலோசகர் ஒருவர், பெண் பாடகிகளை ஒலிப்பட்டியலில் குறைவாகவே சேர்க்க வேண்டும், அவர்கள் சாலடில் இருக்கும் தக்காளி போன்றவர்கள் என்று பேட்டி கொடுத்துப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தார். ஸ்டேபிள்டனுக்கு நேர்ந்த தடையைப் பேசும்போது, அதைவிடத் தடிமனான சுவர் பெண்களுக்கு முன்னால் இருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. அவருக்குப் பின்னால் பதினான்கு ஆண்டு உறவுகள் இருந்தன. அந்த உறவுகளை உண்டாக்கிக்கொள்ளும் அறைகளுக்குள் நுழைவதே பலருக்கு அரிதாக இருந்தது.

நவம்பர் 4

கன்ட்ரி இசைச் சங்கத்தின் 49ஆவது விருது விழா, நாஷ்வில் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கம். எட்டு நிமிடக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் உண்மை இங்கே இருக்கிறது. ஸ்டேபிள்டன் மேடையேறும் முன்பே மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். மூன்றிலும் வென்றார்: ஆண்டின் புதிய கலைஞர், சிறந்த ஆண் பாடகர், சிறந்த ஆல்பம். ஒரே ஆண்டில் இந்த மூன்றையும் பெற்ற முதல் கலைஞர் அவர். வாக்குகள் விழாவுக்கு முன்பே பதிவாகிவிட்டன. வாக்களித்தவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். பாடலாசிரியர்கள், வாத்தியக்காரர்கள், வெளியீட்டாளர்கள், நிறுவன ஊழியர்கள் அடங்கிய ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பலர் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பாட்டெழுதியவர்கள், அவர் டெமோக்களைக் கேட்டு வியந்தவர்கள். அந்த விருதுகள் ஒரு நகரம் தன் தொழிலாளி ஒருவருக்குச் செய்த மரியாதை.

மேடை நிகழ்ச்சி வேறு கணக்கு. மெம்பிஸ்காரரான பாப் நட்சத்திரம் ஜஸ்டின் டிம்பர்லேக் ஸ்டேபிள்டனின் நண்பர். இருவரும் சேர்ந்து 'டென்னசி விஸ்கி'யையும் டிம்பர்லேக்கின் 'டிரிங்க் யூ அவே'யையும் பாடினார்கள். ஊதுகருவிகளும் பின்னணிக் குரல்களும் சேர, அரங்கமே எழுந்து நின்றது. டிம்பர்லேக் வந்ததால்தான் கன்ட்ரி கேட்காத பலரும் நிமிர்ந்து பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாட்டில் அவர் பெரும்பாலும் ஸ்டேபிள்டனுக்கு வழிவிட்டு நின்றார். புகழ்பெற்ற ஒருவர் தன் வெளிச்சத்தை இப்படிக் கடன் கொடுப்பதை அடிக்கடி காண முடிவதில்லை.

மக்கள் ஒரு பாட்டை மட்டும் வாங்கிவிட்டு நிற்கவில்லை, முழு ஆல்பத்தையும் வாங்கினார்கள். 1,53,000 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. ஆல்பம் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. 'டென்னசி விஸ்கி' வானொலிக்கென்று முறையாக வெளியிடப்படாத பாட்டு. விற்பனையும் இணைய ஒலிபரப்பும் சேர்ந்து அதை ஹாட் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கும், எல்லா வகை இசைக்குமான ஹாட் 100இல் 20ஆம் இடத்துக்கும் கொண்டுபோயின. வானொலி பின்னால் ஓடிவந்தது. அடுத்த தனிப்பாடல் 'நோபடி டு பிளேம்' வானொலிப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது.

எனவே நான் காண்பது இரண்டு தனி நிகழ்வுகள் ஒரே இரவில் சந்தித்ததை. தொழிலுக்குள் இருந்தவர்கள் தங்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே இருந்தவர்கள் முதல்முறையாக அவரைக் கேட்டார்கள். முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருக்காது. பரிந்துரைகளும் வானொலி வெற்றியும் இல்லாத புதுமுகத்துக்கு அந்த ஒளிபரப்பில் எட்டு நிமிடம் கிடைக்காது. ஆல்பம் மட்டும் சரக்கில்லாததாக இருந்திருந்தால் இரண்டாவது வாரமே விற்பனை சரிந்து அடங்கியிருக்கும். 2016 முடிவில் பில்போர்டின் ஆண்டுக் கணக்கில் முதலிடம் பெற்ற கன்ட்ரி ஆல்பம் இதுவே.

பிறகு

2016 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியும், 'டிராவலர்' பாடலுக்காகச் சிறந்த கன்ட்ரி தனிப் பாடகர் கிராமியும் கிடைத்தன. எல்லா வகை இசைக்குமான ஆண்டின் சிறந்த ஆல்பம் பிரிவிலும் போட்டியில் இருந்தது. அதை டெய்லர் ஸ்விஃப்ட்டின் '1989' வென்றது. 'டென்னசி விஸ்கி' பின்னர் ஒரு கோடி அலகுகளைக் குறிக்கும் டைமண்ட் சான்றையும் பெற்றது.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஒலியைப் பளபளப்பாக்கி, புகழ்பெற்ற விருந்தினர்களை அழைத்து, வானொலிக்கேற்ற பாட்டுகளைச் செய்திருக்கலாம். ஸ்டேபிள்டன் அதே காப்பையும் அதே குழுவையும் அழைத்துக்கொண்டு அதே கூடத்துக்குத் திரும்பினார். 2017இல் இரண்டு பாகங்களாக வந்த அடுத்த ஆல்பத்துக்கு 'ஃப்ரம் ஏ ரூம்' என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஸ்டுடியோ ஏ இருக்கிறது. அதில் கிராமி வாங்கிய 'ஐதர் வே' புதுப் பாட்டு அல்ல. அவர் பாடலாசிரியராக இருந்த காலத்தில் எழுதி, 2008இல் லீ ஆன் வொமாக் பதிவு செய்தது.